சிட்டுவின் மடியும் செங்கோடன் முகமும்

கூழைமேட்டு ஆட்களுக்குச் சொன்ன பேச்சை மீறத் தெரியாது. அதற்கு மேல் யோசிக்கவும் தெரியாது.

அந்த ஊர்ச் செங்கோடனிடம் சிட்டு என்றொரு கிடாரி தலைச்சன் சினையாக இருந்தது. முன்பு வளர்த்த கிடாரிக்குக் கன்று போடும் முன்பே மடிநோய் வந்து காம்பெல்லாம் அடைத்துவிட்டது. கன்றுக்குச் சீம்பால்கூட இல்லை. அதை நினைத்தாலே அவனுக்கு அழுகை வரும். அதனால் இந்தத் தடவை முன்கூட்டியே மாட்டு டாக்டரம்மாவிடம் ஓடினான்.

"மாடு ஈரத்துல படுக்கக் கூடாது. மடியில ஈ உட்காரக் கூடாது. முதல்ல இதைப் பாருங்க" என்றார் அவர்.

செங்கோடன் தம்பி ராக்கியண்ணனையும் மச்சான் பொங்கியானையும் கூட்டி ஆலோசித்தான்.

"ஈரமில்லாத இடம் நம்ம வீடுதானுங்கண்ணா."

"அப்ப நாம எங்கடா படுக்கறது?"

"மாட்டுக் கட்டுத்தரையிலதான். நம்மளப் பத்தி டாக்டரம்மா ஒண்ணும் சொல்லலையே."

சிட்டு வீட்டுக்குள் போனது. மூவரும் சாணி ஈரத்தில் படுத்தார்கள்.

அடுத்தது ஈ. "மடியில உட்காராட்டி அது வேற எங்க மச்சான் உட்காரும்? அதுக்கும் காலு வலிக்குமல்ல?" என்றான் பொங்கியான்.

நியாயம்தான். செங்கோடன் முகத்தில் வெல்லப்பாகைப் பூசிக்கொண்டு சிட்டுவின் பக்கத்தில் உட்கார்ந்தான். ஊர் ஈ மொத்தமும் அவன் மூக்கில் குடியேறியது. வாயைத் திறந்தால் உள்ளே போய்விடும் என்பதால் பேச்சை நிறுத்தினான். ஊரே நிம்மதியாக இருந்தது.

சிட்டு நல்லபடியாகக் கன்று போட்டது. டாக்டரம்மா வந்து மடியைத் தொட்டுப் பார்த்தார். "ஒரு குறையுமில்ல. கன்னைத் தாய்கிட்ட விடுங்க, சீம்பால் குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கன்று தள்ளாடி எழுந்து, நேராக வந்து செங்கோடனின் பாகு ஒட்டிய முகத்தை நக்கியது.

"அண்ணனைத்தான் தேடிப் போவுது. அப்ப தாய் யாரு?"

"சந்தேகமென்ன? நம்ம மச்சான்தான்."

செங்கோடனுக்கு உள்ளம் குளிர்ந்தது. ஆனால் கன்று குடிக்கப் பால் சுரக்க வேண்டுமே! அவனை மாடு கட்டும் முளைக்குச்சியில் கட்டி, பருத்திக்கொட்டை ஊறவைத்த தவிட்டுத் தண்ணியை முன்னால் வைத்தார்கள். பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாதென்று அவன் தலையை உள்ளே விட்டு மளமளவென்று குடித்தான்.

அவன் நிமிர்வதற்குள் கன்று சிட்டுவின் மடியில் முட்டி முட்டிக் குடித்துவிட்டு, வாயெல்லாம் பால் நுரையோடு அவனிடமே திரும்பி வந்து நின்றது.

மூவரும் நுரையைப் பார்த்தார்கள். செங்கோடன் சட்டைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தான். கண் கலங்கியது.

"எனக்கே தெரியாமப் பால் இறங்கிடுச்சு போலிருக்குதடா!"