அடித்த பெயர்கள்

தென்காசி நூலகத்தின் மாடியறையில் ஞாயிறுதோறும் நஸ்ரின் லினக்ஸ் சொல்லிக் கொடுத்து வந்தார். அவருக்கு முப்பத்து நான்கு வயது. மாணவர்களில் மூத்தவர் வேலாயுதப் பெருமாள். தபால் துறையில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தே முப்பத்தாறு வருடம் கழித்து ஓய்வு பெற்றவர்.

லினக்ஸ் கணினியை இயக்கும் மென்பொருள், இலவசமாகக் கிடைப்பது. உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். அப்படி மாற்றி மாற்றி, தன்னார்வலர்கள் ஊர் ஊருக்கு ஒரு வடிவம் செய்து வைத்திருந்தார்கள். அதுதான் பெருமாளை உறுத்தியது.

"எதுக்கு டீச்சர் இத்தனை? எல்லாரும் சேர்ந்து உக்காந்தா ஒண்ணையே உருப்படியாச் செய்யலாமே."

நஸ்ரின் மறுத்துப் பேசவில்லை. ஊரில் கேட்பவர்களுக்குத் தங்கள் தன்னார்வக் குழு பிரதி எடுத்துக் கொடுக்கும் வடிவங்களின் பட்டியலை நீட்டி, வேண்டாதவற்றை அடித்துக்கொண்டு வரச் சொன்னார்.

பெருமாள் ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்தார். இருபத்தாறில் ஐந்துதான் மிஞ்சியது.

அடித்த பெயர்களில் ஒன்றின் மேல் நஸ்ரின் விரலை வைத்தார். 'செவி'. திருச்சியில் இரண்டு பேர் வேலை முடிந்து வந்து செய்தது. தென்காசியில் அதைப் பயன்படுத்துவது ஒரே ஒருவர், தாலுகா ஆபீஸ் எதிரே மனுவும் பத்திரமும் டைப் அடிக்கும் ஞானசுந்தரி. இனி இதைத் தர மாட்டோம் என்று நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள் என்றார்.

திங்கட்கிழமை பெருமாள் போனார். கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள். ஞானசுந்தரிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அவர் அடிக்கும் ஒவ்வொரு வரியையும் கணினி படித்துக் காட்டியது. ஸ்விட்சைப் போட்ட நொடியிலிருந்தே பேசுமாம். முன்பு வைத்திருந்ததை யாராவது வந்து தொடங்கிக் கொடுக்க வேண்டும். ஆள் வராத நாளில் கடை கிடையாது என்றார்.

பெருமாள் சொல்ல வந்ததைச் சொல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மதியத்துக்குச் சற்று முன் ஒரு கிரயப் பத்திரம் வந்தது. சர்வே எண் 247/3. கணினி நடுவிலிருந்த சாய்கோட்டை விழுங்கிவிட்டு 'இரண்டு நான்கு ஏழு மூன்று' என்றது. கோடு விழுந்ததா என்று தெரியாமல் ஞானசுந்தரி கையை எடுத்தார். நிலம் வாங்குபவருக்குப் படிக்கத் தெரியாது. படித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பெஞ்சின் பக்கம் திரும்பிக் கேட்டார். பெருமாள் எழுந்து போய்த் திரையைப் பார்த்து, கோடு இருக்கிறது என்றார்.

"ஒரு கோடு விட்டுப் போச்சுன்னா அடுத்தவர் நிலமாயிரும், சார்," என்றார் ஞானசுந்தரி.

இதைச் செய்தவர்களிடம் சொல்லவில்லையா என்று பெருமாள் கேட்டார். சொன்னாராம். 'செவி'யில் பெரும்பாலும் புத்தகம் கேட்பவர்கள்தான். கோட்டையெல்லாம் படித்தால் அவர்களுக்குத் தொந்தரவு என்று பதில் வந்ததாம். அவர்கள் சொல்வதும் நியாயம்தானே என்றார்.

அடுத்த ஞாயிறு பெருமாள் மற்றவர்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார்.

"சொல்ல முடியலை, டீச்சர்."

பிறகு சர்வே எண் விஷயத்தைச் சொன்னார். பத்திரம் அடிப்பவர்களுக்காக அந்தக் கோட்டைப் படிக்க வைக்க முடியுமா என்று கேட்டார்.

நஸ்ரின் கணினியைத் திறந்து, 'செவி'யின் உள்ளே எண்களைப் படிக்கும் பகுதியைத் தேடி எடுத்தார். பிறகு எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டார்.

"இந்த வரிதான். மாத்துங்க, ஐயா. நான் பக்கத்திலேயே இருக்கேன்."

பெருமாள் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தார். கை விசைகளின் மேல் அப்படியே நின்றது.

"இதை மாத்தினா, இது செவி இல்லையே டீச்சர். புதுசா இன்னொண்ணால்ல ஆயிரும்?"

"ஆமா," என்றார் நஸ்ரின். "என்ன பேர் வைக்கப் போறீங்க?"