இரண்டு தட்டு தட்டும் கரடி

"தொம்!"

புதருக்கு இந்தப் பக்கம் நின்றால் சத்தம் மட்டும்தான் கேட்கும். மறுபடியும் ஒரு "தொம்!" அப்புறம், "ஐயோ, செத்தேன்!" என்று ஓர் அலறல். உடனே காடே கைதட்டும்.

புதரை விலக்கிப் பார்த்தால் ஒரு மணல் குழி. குழிக்குள் ஒரு கரடியும் ஒரு காட்டுப்பன்றியும் கட்டிப் புரண்டுகொண்டிருக்கும். சுற்றிலும் மான், முயல், மந்தி என்று கூட்டம். பாறைமேல் நின்று ஆள்காட்டிக் குருவி தொண்டை கிழியக் கத்தும்.

"இந்தப் பக்கம் இடிமலை! அந்தப் பக்கம் கொலைத்தந்தம்! இன்று ஒருவர்தான் உயிரோடு வீடு திரும்புவார்!"

இடிமலை என்பது கரடி. கொலைத்தந்தம் என்பது பன்றி. ஏழு கோடையாக இந்தச் சண்டை நடக்கிறது. ஏழு கோடையாக இருவருமே உயிரோடுதான் வீடு திரும்பினார்கள். அது எப்படி என்று யாரும் கேட்டதில்லை.

கடைசியில் ஒரு கீரி கேட்டது. பாம்போடு சண்டை போட்டு மூக்கில் தழும்பு வாங்கிய கீரி அது. மூன்று நாள் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து உற்றுப் பார்த்தது. நான்காம் நாள் துள்ளி எழுந்தது.

"எல்லாம் பொய்! தூக்கிப் போடுவதற்கு முன்னால் கரடி பன்றியின் தோளில் இரண்டு தட்டு தட்டுகிறது, பார்த்தீர்களா? 'போடப்போகிறேன், தயாராகிக்கொள்' என்று அர்த்தம்! பன்றி மூச்சை அடக்கிக்கொண்டு பக்கவாட்டில் விழுகிறது. விழும்போது காலால் மணலை அறைகிறது. அந்தச் சத்தத்துக்குத்தான் நீங்கள் கை தட்டுகிறீர்கள்!"

எல்லார் கண்ணும் கரடி பக்கம் திரும்பியது.

"உண்மையா, இடிமலை?" என்று மந்தி கேட்டது.

கரடி காதைச் சொறிந்தது. "தட்டாமல் போட்டால் தம்பிக்கு முதுகு ஒடிந்துவிடுமே!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அப்படியென்றால் நிஜச் சண்டை வந்தால் ஜெயிப்பாயா?" என்றது கீரி.

"தெரியவில்லை. போட்டுப் பார்த்ததில்லை."

மறுநாள் குழியைச் சுற்றி ஒருவரும் இல்லை. ஆள்காட்டிக் குருவிகூட வரவில்லை.

கரடி காலை நீட்டி உட்கார்ந்தது. "தம்பி, ஏழு கோடையாகச் சண்டைக்காரன் என்று பேர் வாங்கிவிட்டேன். ஒரு சண்டைகூடப் போடவில்லை. யோசித்தால் என்னவோ போல இருக்கிறது."

"யோசிக்காதே அண்ணே. என் முதுகைப் பார். நேராக இருக்கிறது. எனக்கு அது போதும்" என்றது பன்றி.

அந்த வாரமே காட்டெருமை வந்து சேர்ந்தது.

மந்தையிலிருந்து விரட்டப்பட்ட எருமை அது. யாரோடாவது மோத வேண்டும் என்ற கோபத்திலேயே அலைந்தது. கோடையில் அந்தக் காட்டில் வற்றாமல் கிடந்தது ஒரே ஒரு மடு. எருமை அதன் கரையில் போய் நின்றுகொண்டது.

"இனி இது என் மடு! தண்ணீர் வேண்டுமென்றால் என்னைத் தாண்டி வாருங்கள்!"

இரண்டு மான்கள் போய்ப் பார்த்தன. நொண்டிக்கொண்டு திரும்பின. மற்றவர்கள் அரை நாள் நடந்து ஆற்றுக்குப் போகத் தொடங்கினார்கள். பன்றியின் வீட்டுக்காரிக்கு அது முடியவில்லை. ஐந்து குட்டி ஈன்று எட்டு நாள்தான் ஆகியிருந்தது. குட்டிகளால் நடக்க முடியாது. விட்டுவிட்டுப் போகவும் முடியாது. தண்ணீர் இல்லாமல் அவளுக்குப் பால் வற்றிக்கொண்டே வந்தது. குட்டிகளின் சத்தமும் நாளுக்கு நாள் சன்னமாகிக்கொண்டே வந்தது.

"கீரி, நீ நிஜச் சண்டைக்காரன் ஆயிற்றே! போயேன்!" என்றது மந்தி.

"நானா? நான் பாம்புக்கு மட்டும்!" என்று கீரி பின்வாங்கியது.

கரடி எழுந்தது. பன்றி குறுக்கே போய் நின்றது.

"வேண்டாம் அண்ணே! அந்த எருமை நம்மோடு ஒத்திகை பார்த்துவிட்டு வரவில்லை!"

"குட்டிகள் வாடுகின்றனவே, தம்பி" என்று கரடி நடந்தது. காடே பின்னால் போனது.

எருமை தலையைத் தாழ்த்திப் பாய்ந்தது. கரடி விலகி, அதன் இரண்டு கொம்புகளையும் பிடித்துக்கொண்டது. நல்ல பிடி! ஒரு திருகு திருகினால் எருமை கவிழ்ந்திருக்கும். ஆனால் கரடியின் வலது கை பழக்கதோஷத்தில் தானாகவே நழுவி, எருமையின் கழுத்தில் இரண்டு தட்டு தட்டியது.

"ஐயோ அண்ணே, தட்டாதே!" என்று பன்றி கதறியது.

எருமை உஷாரானது. காலை அழுந்த ஊன்றி ஒரே உதறு!

"தொம்!"

எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். திறந்து பார்த்தால், கரடி தூசியைத் தட்டிக்கொண்டு நின்றது.

"என்ன, இன்னும் சாகவில்லையா?" என்றது எருமை.

"இல்லை போலிருக்கிறது" என்றது கரடி.

மறுபடி பாய்ச்சல். மறுபடி நல்ல பிடி. மறுபடியும் கழுத்தில் இரண்டு தட்டு! கீரி தலையில் அடித்துக்கொண்டது. கரடி மறுபடியும் காற்றில் பறந்தது.

"அண்ணே!" என்று பன்றி கத்தியது. "நீ அதைப் பிடிக்கவே பிடிக்காதே! நமக்குத் தெரிந்ததைச் செய்! விழு!"

கரடிக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டாமல் தூக்கிப் போட அதற்கு வராது. ஆனால் விழ வரும். ஏழு கோடையாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தோற்பது கரடியின் முறை. எத்தனை ஆயிரம் தடவை விழுந்திருக்கும்!

அதன்பின் கரடி எதையும் பிடிக்கவில்லை. எருமை பாயும். கரடி கொம்பின் நுனிக்குச் சிக்காமல் நெற்றியில் தொற்றிக்கொள்ளும். எருமை தூக்கி எறியும். கரடி உடம்பை உருட்டி, மூச்சை அடக்கி, உள்ளங்கையால் தரையை அறைந்துகொண்டு விழும். காடு அதிரும். எழுந்து தூசி தட்டும். திரும்பி வந்து நிற்கும்.

ஆள்காட்டிக் குருவிக்கு வாய் சும்மா இருக்குமா? "பதினேழு! பதினெட்டு! இடிமலை மறுபடி எழுந்தார்!" என்று எண்ணத் தொடங்கியது.

முப்பத்தொன்றாவது தடவை எருமையால் தலையைத் தூக்கவே முடியவில்லை. வாயில் நுரை தள்ளியது. முன்னங்கால் மடிந்து மண்ணில் மண்டியிட்டது.

"உனக்கு வலிக்கவே வலிக்காதா?" என்று மூச்சு வாங்கக் கேட்டது.

"நன்றாக வலிக்கிறது. பழகிப்போயிற்று" என்றது கரடி.

"நான் எறிந்தவர்கள் எல்லாரும் ஒரே விழுதலில் ஓடிவிடுவார்கள். இப்படித் திரும்பத் திரும்ப வந்து நின்றவன் நீதான்! இன்னும் எத்தனை தடவை வருவாய்?"

"தெரியாது. இன்னும் வெளிச்சம் இருக்கிறதே."

எருமை கரடியை ஏற இறங்கப் பார்த்தது. தள்ளாடி எழுந்தது. "உன்னோடு தினமும் என்னால் ஆகாது" என்று சொல்லிவிட்டு மலைப்பக்கம் நடந்தது. அது திரும்பி வரவே இல்லை.

பன்றியின் வீட்டுக்காரி வந்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள். அன்று சாயங்காலமே பால் சுரந்தது. ஐந்து குட்டிகளும் வரிசையாக முட்டிக்கொண்டு குடித்தன. கரடி தலை மட்டும் தெரிய மடுவில் படுத்து, வீக்கம் வடிய வடிய அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் கீரி குழியின் ஓரமாக வந்து நின்றது.

"ஒரு சந்தேகம். நேற்று ஜெயித்தது யார்? நீ ஓர் அடிகூட அடிக்கவில்லையே!"

"அதைத்தான் நானும் தம்பியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றது கரடி.

"சரி, இனியும் தட்டிவிட்டுத்தான் தூக்கிப் போடுவாயா? அதுதான் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்றே!"

"ஆமாம். தம்பிக்கு இருப்பது ஒரு முதுகுதானே!"

பன்றி மூக்கால் மணலைக் கிளறிவிட்டது. கரடி குனிந்து, உடம்பில் குத்தக்கூடிய கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குழிக்கு வெளியே போடத் தொடங்கியது.

விழுந்து எழப் பழகியவனை, அடிக்க மட்டுமே பழகியவனால் வெல்ல முடியாது.