இழுபடும் தூண்டில்

"ஏன் ஒண்டும் கடிக்குதில்லை?" என்று கேட்டார் பரராஜசிங்கம்.

சுகிர்தா தேர்மோஸிலிருந்து தேநீரை ஊற்றி ஒரு வாய் குடித்தாள். மூடியை இறுக்கினாள்.

படகு, ஆள் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒன்ராறியோ ஏரியின் கரை தூரத்தில் ஒரு பென்சில் கோடாகத் தெரிந்தது. மற்றப் பக்கம் பார்த்தால் அந்தக் கோடும் இல்லை.

பின்பக்கத்தில் இரண்டு தூண்டில்தடிகள் வில்லாகக் குனிந்து நின்றன. இடப்பக்கத்துத் தடி அவளுடையது. வலப்பக்கத்துத் தடி அவருடையது. தடி ஒவ்வொன்றின் நைலோன் நரம்பும், படகிலிருந்து கம்பியில் இறக்கிய ஓர் ஈயக் குண்டின் கவ்வியில் மாட்டப்பட்டு ஆழத்துக்குப் போயிருந்தது. அடியில் ஒரு சிறு தகடு, தானும் ஒரு மீன்தான் என்று மினுங்கிக்கொண்டு இழுபட்டது. சால்மன் அதைக் கடித்து இழுத்தால் நரம்பு கவ்வியை விட்டுக் கழலும். குனிந்து நின்ற தடி துள்ளி நிமிரும்.

அந்தத் துள்ளலுக்காகத்தான் அவர் விடிந்ததிலிருந்து காத்திருந்தார்.

"தங்கச்சி, உம்மட்டைத்தான் கேட்டனான்."

"காதிலை விழுந்தது அண்ணை."

அவ்வளவுதான்.

பரராஜசிங்கத்துக்கு அறுபத்திரண்டு வயது. காப்புறுதி நிறுவனம் ஒன்றில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவர். சுகிர்தா அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள். கிழமை நாட்களில் மருந்துக்கடையில் மருந்தாளர். ஞாயிறு வந்தால் ஏரியில் நிற்பாள். ஸ்காபரோவில் தூண்டில் போடும் தமிழ் ஆட்கள் அவளைக் குரு என்று கூப்பிட்டார்கள். முதலில் நக்கலுக்குத்தான் அப்படித் தொடங்கினார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் அவளிடம் போய், எனக்குப் பழக்கிவிடும் என்று கேட்டார்.

"நான் ஆருக்கும் பழக்கிறதில்லை. படகிலை ஒரு இடம் கிடக்கு," என்றாள்.

அதன்பிறகு அவருடைய தூண்டிலில் நிறைய மீன் கடித்தது. ஒன்றுகூடப் படகில் ஏறவில்லை. தடி துள்ளும். பாய்ந்து எடுப்பார். "இப்ப சுத்தவோ? இன்னும் விடவோ? தங்கச்சி, இப்ப என்ன செய்யிறது?" என்று அவளைத் திரும்பிப் பார்த்துக் கேட்பார். அவர் மறுபடி முன்னுக்குத் திரும்பும்போது நரம்பு தொய்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

அவளுடைய படகில் ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய தடியில் கடிக்கிறதோ அவரே ஏற்றவேண்டும். அவள் கை போடமாட்டாள். போன வருடம் பழைய மாணவர் சங்கத்தின் சிநேகபூர்வப் போட்டியில், வெற்றிக்கிண்ணத்தை வாங்கித் தரவேண்டிய மீன் கண்ணுக்கு முன்னால் தண்ணீருக்குள் திரும்பிப் போனபோதும் அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

இன்றைக்கு இந்த வருடத்துப் போட்டி.

காலையில் இறங்குதுறையில் வைத்தே சொல்லிவிட்டாள்.

"அண்ணை, இண்டைக்கு ஒரு மீன் எண்டாலும் நீங்கள் ஏத்தவேணும். இல்லையெண்டால் அடுத்த வருசம் வேறை படகு பாருங்கோ."

அவருக்கு வேறு படகு என்றால் சகலன் குகதாசனின் படகுதான். அதில் மீனைவிடக் கேலியும் பகிடியும் கூடுதலாக ஏறும்.

"அதுக்கு நான் என்ன செய்யவேணும்? அதைச் சொல்லுமன்."

அவர் கையில் இருந்த பையை அவள் வாங்கிப் பார்த்தாள். பிள்ளையார் கோயில் அர்ச்சனைத் தட்டில் இருந்து எடுத்துவந்த இரண்டு வாழைப்பழங்கள். துறையில் நின்றபடியே இரண்டையும் உரித்துச் சாப்பிட்டாள். தோலைக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

"படகிலை வாழைப்பழம் ஏறினால் மீன் ஏறாது," என்றாள்.

"அது வெள்ளைக்காரன்ரை மூடநம்பிக்கை!"

"அதுதான் தமிழ் வயித்துக்குள்ளை போட்டனான்."

இப்படிப்பட்ட ஒருத்தியிடம் எதைப் படிப்பது?

ரேடியோ கரகரத்தது.

"சிங்கமண்ணை, சிங்கமண்ணை. குகதாசன் கதைக்கிறன். மீன் ஏறிச்சோ, இல்லாட்டி இன்னும் விசாரணைதான் நடக்குதோ? ஓவர்."

பின்னால் நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"உங்கடை படகிலை எத்தினை?" என்று பரராஜசிங்கம் கேட்டார்.

"ரெண்டு ஏறிட்டுது. ஒண்டு பதினெட்டு இறாத்தல். குளிர்பெட்டிக்குள்ளை வால் மடிச்சு வைச்சிருக்கு, பாவம். ஓவர்."

அவர் ரேடியோவை வைத்துவிட்டுத் தன் தடியைப் பார்த்தார். நுனி ஆடிக்கொண்டிருந்தது. பெரிதாக இல்லை. ஒரு நடுக்கம் போல. காலையிலிருந்து அப்படித்தான்.

"இது அலைக்கு ஆடுதோ?"

சுகிர்தா தடியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

"நான் நினைக்கிறதை நானே கேக்கவோ உம்மடை படகிலை ஏறினனான்?"

அவள் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடிவானத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

அவருக்கு ஒருமுறை சுற்றி எடுத்துப் பார்க்கலாம் என்றிருந்தது. கை நீண்டது. உடனே இழுத்துக்கொண்டார். போன வருடம் கொஞ்ச நேரத்துக்கொருமுறை தூண்டிலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தவர் அவர். ஒருநாள் அவள் வந்து, அவருடைய நரம்பு சுற்றும் ரீலின் கைப்பிடியை ஒட்டுநாடாவால் சுற்றிச் சுற்றிக் கட்டிவிட்டாள். "தூண்டில் தண்ணிக்குள்ளை நிண்டால்தான் மீன் பிடிக்கும். தொடாதேங்கோ," என்றாள். இரண்டு வருடத்தில் தூண்டிலைப் பற்றி அவள் நேராகச் சொன்னது அது ஒன்றுதான். அவர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்.

ஆகவே இன்று தொடவில்லை. கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

வெயில் ஏறியது. சுகிர்தாவின் தடி ஒருமுறை துள்ளியது. அவள் எழுந்து போனாள், எடுத்தாள், சுற்றினாள். ஒன்பது இறாத்தல் இருக்கும். வலையைத் தானே ஒரு கையால் போட்டு ஏற்றினாள். எல்லாம் சட்டியில் இருந்து தோசை எடுக்கிற மாதிரி முடிந்தது.

"உம்மடை தூண்டிலிலை கடிக்குது. என்ரை தூண்டிலிலை கடிக்குதில்லை. ஒரே தகடு. ஒரே ஆழம். ஒரே ஏரி. ஏன்?"

அவள் கையைத் துடைத்தாள்.

"ஏன் எண்டு கேக்கிறன்!"

அவள் வந்து அவருடைய தடியைத் தாங்கியிலிருந்து உருவினாள். தடியை ஒரு சுண்டு சுண்டி நரம்பைக் கவ்வியிலிருந்து விடுவித்தாள். தடியை அவர் கையில் கொடுத்தாள்.

"சுத்துங்கோ."

"தொடக்கூடாது எண்டு சொன்னனீர்."

"சுத்துங்கோ அண்ணை."

சுற்றினார். பாரம் ஒன்றும் இல்லை. ஈரத் துணி ஒன்றை இழுப்பது போல இருந்தது. கடைசியில் படகின் பின்னால் தண்ணீரில் ஏதோ வெள்ளையாக வழுக்கிக்கொண்டு வந்தது.

ஒரு மீன். அவருடைய விரித்த கையின் நீளம்கூட இல்லை. தகட்டைவிடக் கொஞ்சம் பெரிது. கவ்வியை இழுத்துக் கழற்றும் பலம் இல்லாமல், வாயைத் திறந்தபடி அவ்வளவு தூரமும் இழுபட்டு வந்திருக்கிறது.

பரராஜசிங்கம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எப்ப கடிச்சது?"

"ஏன் ஒண்டும் கடிக்குதில்லை எண்டு நீங்கள் முதல் கேக்கேக்கையே இது தொங்கிக்கொண்டுதான் வந்தது."

"உமக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு சும்மா நிண்டனீரோ?"

"தடி உங்கடை."

"என்ன கதை இது? தொடாதை எண்டு சொன்னதும் நீர்! தொடாமல் நிண்டதுக்கு நக்கல் அடிக்கிறதும் நீர்!"

"அது போன வருசம்."

"அப்ப இந்த வருசத்துச் சட்டம் என்ன? அதையாவது சொல்லும்! எழுதித் தாரும்! கையெழுத்து வைக்கிறன்!"

அவள் குனிந்து கையைத் தண்ணீரில் நனைத்தாள். கொக்கியை மெதுவாகக் கழற்றினாள். சிறு மீனைத் தண்ணீருக்குள் வைத்துப் பிடித்திருந்தாள். அது முதலில் சரிந்து கிடந்தது. பிறகு செவுள் அசைந்தது. பிறகு அவள் விரல்களுக்குள் இருந்து இல்லாமல் போனது.

"காலமை முழுக்க ஒரு தூண்டில் வீண்," என்றார் அவர். "உமக்குக் கிண்ணம் வேண்டாமோ?"

"வேணும்," என்றாள் சுகிர்தா. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது போல இருந்தது. "நல்லா வேணும்."

முதல்முறையாக அவர் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார். அவளுக்கும் கோபம்தான். அவருடையதைவிடக் கூடவே இருந்தது.

ரேடியோவில் குகதாசன் மறுபடி வந்தான். "சிங்கமண்ணை, கடைசி மணித்தியாலம். நாங்கள் றோல்ஸ் சாப்பிடத் தொடங்கிட்டம். ஓவர்."

"ஓவராம் ஓவர்," என்று பரராஜசிங்கம் ரேடியோவின் காதைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தார்.

வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே நரம்பைக் கவ்வியில் மாட்டினார். ஈயக் குண்டை இறக்கினார். குருவாம் குரு. வாழைப்பழம் தின்கிற குரு. கைப்பிடியில் ஒட்டுநாடா சுற்றுகிற குரு. குண்டு இறங்கிக்கொண்டே இருந்தது. போதும் என்று தோன்றிய இடத்தில் நிறுத்தினார். தடியைத் தாங்கியில் குத்தி, நுனி குனியும்வரை நரம்பை இழுத்துவிட்டார். எவ்வளவு ஆழம் என்று அவளிடம் கேட்க அந்தக் கோபத்தில் மறந்துபோயிருந்தது.

அவள் ஆழம் காட்டும் முள்ளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

அவர் போய்த் தேநீர் ஊற்றினார். இன்னும் வாயில் வைக்கவில்லை.

தடி துள்ளியது.

நிமிர்ந்த அதே வேகத்தில் மறுபடி வளைந்து, நுனி தண்ணீரைத் தொட்டது. ரீல் அலறியது. தேநீர் எங்கே போனது என்று தெரியவில்லை. தடி அவர் கையில் இருந்தது. நரம்பு ஏரிக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கத்தில் இருப்பது மீனா, பேருந்தா என்று அவருக்கு விளங்கவில்லை.

தூரத்தில், படகுக்கு நேர் பின்னால், தண்ணீர் பிளந்தது. ஒரு முழு உடம்பு வெளியே வந்து, வெயிலில் ஒருமுறை திரும்பி, கல்லைப் போட்டது போல விழுந்தது.

"அம்மாளாச்சி!" என்றாள் சுகிர்தா.

அவளுடைய குரல் அப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியாது.

"இருவத்தஞ்சு இருக்கும்! கூடவும் இருக்கும்! அண்ணை, தடியை உயத்துங்கோ! உயத்துங்கோ எண்டுறன்! சுத்தாதேங்கோ, ஓடுது! இப்ப சுத்துங்கோ! இல்லை, விடுங்கோ! இடக்கைப் பக்கம் வாங்கோ! ஐயோ, ரீலிலை கை வைக்காதேங்கோ!"

இரண்டு வருடமாக அவர் கேட்டதெல்லாம் ஒரே மூச்சில் வந்துகொண்டிருந்தது.

மீன் திரும்பிப் படகை நோக்கி வந்தது. நரம்பு தொய்யத் தொடங்கியது. அவர் சுற்றினார். கை வலித்தது. பின்னுக்கு நடந்துகொண்டே சுற்றினார். முதுகு படகின் அறைக் கதவில் இடித்தது.

"முன்னுக்குப் போங்கோ! இல்லை, அங்கையே நில்லுங்கோ! அண்ணை, இஞ்சை பாருங்கோ, நான் சொல்லுறதை—"

நரம்பு வழியாக ஏதோ ஒன்று அவர் கைக்கு வந்துகொண்டிருந்தது. தலை ஆட்டுகிறது. இடப்பக்கம் ஒரு வெட்டு. ஒரு சின்ன ஓய்வு. அவள் கத்தக் கத்த அது கைக்குப் பிடிபடாமல் நழுவியது.

"சும்மா இரு பிள்ளை!" என்று பரராஜசிங்கம் கத்தினார்.

சுகிர்தா வாயை மூடிக்கொண்டு வலையை எடுத்தாள்.



மீன் படகுக்குக் கீழே பாய்ந்தது. அவர் முழந்தாளிட்டு, தடியின் பாதியைத் தண்ணீருக்குள் குத்தி, நரம்பு இயந்திரத்தில் சிக்காமல் பிடித்தார். அது வெளியே வந்தது. மறுபடி ஓடியது. போகட்டும் என்று விட்டார். அது களைத்த இடத்தில் சுற்றினார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. கை தன் கையாக இல்லை.

"வலையை எந்தப் பக்கம் பிடிக்க?" என்று பின்னால் ஒரு சிறு குரல் கேட்டது.

அவர் திரும்பவில்லை. கேட்டது காதில் விழுந்ததா என்பதும் ஐயம்தான்.

கறுத்த முதுகு ஒன்று தண்ணீருக்கு மேலே வந்தது. தலை படகை நோக்கித் திரும்பியது. அந்த நொடியில் வலை அதற்குக் கீழே இருந்தது. இரண்டு கையாலும் தூக்க முடியாமல் அவள் ஒரு காலைப் படகு விளிம்பில் கொடுத்து உன்னினாள். மீன் உள்ளே விழுந்து தரையை அறைந்தது. தேநீர்க் குவளை உருண்டு ஓடியது.

இருவரும் அதன் இரண்டு பக்கத்திலும் இருந்து மூச்சு வாங்கினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குத் தான் கத்தியது நினைவுக்கு வந்தது. அதுவும் ஒருமையில்.

"பிள்ளை, நான் அப்பிடிக் கத்தினது..."

அவள் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வேகத்திலை வந்திட்டுது. மனதிலை வையாதையும்."

அவள் மீனின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தினாள்.

"அப்ப... அடுத்த வருசம்? நான் வரலாமோ?"

சுகிர்தா முகத்தில் தெறித்திருந்த செதிலைப் புறங்கையால் துடைத்தாள். இடப்பக்கத்துத் தடியைத் தாடையால் காட்டினாள்.

"மற்றத் தூண்டில் தண்ணிக்குள்ளை கிடக்கு. நுனி நடுங்குது. எனக்குக் கை ஏலாது."

"நான் கேட்டது அதில்லை!"

"நேரமும் கிடக்கு."

"கேட்டதுக்கு ஒரு நாளாவது நேராப் பதில் சொல்லுமன், தங்கச்சி!" என்று கத்திக்கொண்டே பரராஜசிங்கம் எழுந்து போய் அவளுடைய தடியை உருவினார்.