எண்பது கட்டைவிரல்

திருச்சியில் எண்பது வீடுள்ள அந்த அடுக்ககத்தின் செயலாளர் பஞ்சநதம், ஆட்சி நடத்துவதெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான். எதை, எங்கே என்றெல்லாம் விளக்கி எழுதுவது அவர் அந்தஸ்துக்குக் குறைச்சல்.

அன்று காலை காவலாளி சகாயத்துக்கு உத்தரவு வந்தது: "அதை இன்னுமா எடுக்கலை? சாயந்திரத்துக்குள்ள எடுக்கலைன்னா உனக்கு வேலை இல்லை!!!!!"

சகாயம் ஓடிப்போய், "எதைங்கய்யா?" என்றான்.

"எண்பது வீடும் கட்டைவிரல் போட்டாச்சு. உனக்கு மட்டும் புரியலையாக்கும்?"

படிக்கிறார்களோ இல்லையோ, கட்டைவிரலைத் தூக்கிவிடுவது அந்தக் குரூப்பின் மரபு. சகாயமும் குரூப்பில் பணிவாக எழுதினான்: "மரத்தடியில 'செயலாளர் கார் மட்டும்'னு இருக்கிற பலகையைத்தான் ஐயா சொல்றாங்கன்னு நினைக்கிறேன். சாயந்திரம் நாலு மணிக்கு எடுத்துடட்டுமா?"

எண்பது கட்டைவிரல் விழுந்தது. முதல் விரல் பஞ்சநதத்துடையது.

ஐந்து மணிக்கு அவர் கார் வந்தது. பலகையைக் காணோம். மரத்தடியில் வேறொருவர் ஸ்கூட்டர் ஒய்யாரமாக நின்றது.

"அடப்பாவி! லிஃப்ட் பக்கத்துல உடைஞ்ச பூத்தொட்டியைத்தானே சொன்னேன்!"

சகாயம் போனை நீட்டினான். "உங்க செய்தியில தொட்டியே இல்லீங்களே ஐயா. என் செய்தியில பலகை இருக்கு. கீழே உங்க விரலும் இருக்கு."

வேறு வழியில்லாமல் பஞ்சநதம் வாழ்க்கையில் முதல்முறையாகத் தெளிவாக எழுதினார்: "உடைந்த பூத்தொட்டியை அகற்றவும். மரத்தடியில் என் பலகையை மீண்டும் வைக்கவும்."

குரூப்பே வியந்து, முதல்முறையாக ஒரு செய்தியை முழுசாகப் படித்தது. கட்டைவிரல் ஒன்றுகூட விழவில்லை. எழுபத்தொன்பது வீட்டிலிருந்தும் பதில்தான் வந்தது: "தொட்டி சரி. பலகை வேண்டாம்."