கால் ஆடாத படம்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது, சத்தியமாக. ஆனால் உடனே கிடைக்காது. முதலில் வேதரத்தினத்தின் கோபத்தைப் பார்த்துவிடுங்கள்.

"பதினோரு படம், டீச்சர்! பதினொண்ணையும் திருப்பிக் குடுத்துட்டீங்க. அப்படி என்னதான் குறை?"

"உங்க அண்ணன் தூங்கல, சார்."

சொன்னவர் ஓவிய ஆசிரியை அமலோற்பவம். மாணவரைவிட எட்டு வயது சின்னவர். ரயில் வருகிறது, ரயில் போகிறது என்று அறிவிக்கிற குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"தூங்கலையா? கொர்ர்ர்... புஸ்ஸ்ஸ்னு வீடே அதிருது! குறட்டையை நான் எப்படி வரையறது?"

"முழிச்சிருக்கும்போது வரையலாமே."

"முழிச்சிருந்தா என் மூஞ்சியைப் பார்ப்பாரா? வேலையை விட்டுட்டுப் படம் போடப் போறேன்னு சொன்னேன். அன்னிக்கு நின்ன பேச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரே வீடு, நடுவுல அண்ணிதான் தூது. மத்தியானம் அவர் படுக்கிற ஒரு மணி நேரம்தான் டீச்சர், எனக்கு அண்ணன்."

வேதரத்தினத்தின் குரல் உடைந்தது. உடனே அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டார்.

அமலோற்பவம் படங்களைப் புரட்டினார். படிய வாரிய தலை. கலையாத திருநீறு. ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்த முகம். பதினோரு நாளும் அதே பக்கம்.

"நிஜமாத் தூங்குறவங்களுக்குக் கால் ஆடும்," என்றார். "இதுல ஆடல."

வேதரத்தினம் கதவைச் சாத்திய வேகத்தில் சுவரிலிருந்த பல்லி கீழே விழுந்தது.

மறுநாள் மத்தியானம். கூடத்துப் பாயில் அண்ணன் சிங்காரவடிவேலு. கொர்ர்ர், புஸ்ஸ்ஸ்.

எதிரே தம்பி. கையில் பென்சில், வாயில் புகார்.

"அநியாயத்தைக் கேளுங்க அண்ணி! அண்ணன் தூங்கவே இல்லையாம். 'நிஜமாத் தூங்குறவங்களுக்குக் கால் ஆடும், சார்.' அந்தம்மா சொல்லுது! இதுதான் கடைசிப் படம். இனிமே பென்சிலைத் தொட்டா என்னன்னு கேளுங்க!"

குறட்டை ஒரு நொடி தடுமாறியது.

பிறகு அண்ணனின் வலது கால் மெல்ல ஆடியது.

"அண்ணி, ஓடி வாங்க! ஆடுது! டீச்சர் சொன்னது சரிதான்!"

அவசர அவசரமாக வரைந்தார். கால் இன்னும் நன்றாக ஆடிக் கொடுத்தது. பாதம் முடிந்தது. கணுக்கால் முடிந்தது.

முழங்காலுக்கு வந்தபோது பென்சில் நின்றது.

"அண்ணே?" என்றார் வேதரத்தினம்.

கால் சட்டென்று நின்றது.