இளவரசரைக் கத்திரிக்காய் என்றவள்

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டை மகரத்துவசன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். அவர் அரண்மனையில் இருட்டிய பிறகு ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. காய்ந்த சருகை யாரோ நிதானமாக மெல்லுவது போல, மொறுக், மொறுக். காவலர்கள் தீவட்டியோடு ஓடினால் நின்றுவிடும். திரும்பி வந்து படுத்தால் மறுபடியும் மொறுக்.

அது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் செங்கொன்றை நாடு. இரண்டு நாட்டு மலைகளுக்கும் நடுவே நிற்கும் ஒரு மழைமேகம் யாருக்குச் சொந்தம் என்று வருஷக்கணக்காகச் சண்டை. மேகம் இரண்டு பேருக்குமே பெய்யவில்லை என்பது வேறு விஷயம். செங்கொன்றைக் காட்டில் ஒரு மாய இலை உண்டு. அதை மென்றால் நினைத்தவர் முகம் வரும், மறுநாள் பொழுது சாயும்வரை நிற்கும். ஆக, எதிரி அரண்மனைக்குள்ளேயே இருக்கிறான், யாரோ ஒருவர் முகத்தில். சமையல்காரன் தும்மினால்கூட ராஜா சந்தேகப்பட்டார்.

இளவரசரின் தொட்டிலை ஆட்டுகிறவள் சிலம்பாயி. அவள் புருஷன் இருளப்பன் எல்லைச் சண்டைக்குப் போயிருந்தான். தொட்டிலுக்குப் பக்கத்திலேயே தன் கைக்குழந்தைக்கும் ஒரு தூளி கட்டியிருந்தாள். தாழ்வாரத்தில் எதிர்ப்படும்போது அவள் வாய்த்துடுக்கைக் கேட்டு ராஜா எப்போதாவது சிரித்துவிடுவார். மந்திரி கோவர்த்தனருக்கு அது ஆகாது. அவர் நாள் முழுக்க ராஜாவைப் புகழ்ந்தாலும் ராஜா தலையாட்டுவாரே தவிரச் சிரித்ததில்லை.

ஒருநாள் அவள் இளவரசரைப் பார்த்து, வதங்கின கத்திரிக்காய் என்று சொல்லிக்கொண்டிருந்தது மந்திரி காதில் விழுந்தது. அவ்வளவுதான். நேரே சபைக்குப் போய், பட்டத்துக்கு வரப்போகிற பிள்ளையை நம் நாட்டுக்காரி இப்படித் தூற்றுவாளா, இவள் இலை மென்ற எதிரி என்று முழங்கினார். ராஜா தொட்டில் அறைப் பக்கமே போகாத மனிதர். உடனே நம்பிவிட்டார். சபையில் பலருக்கு விஷயம் புரிந்தது. ஆனால் சந்தேகக் காலத்தில் யார் வாயைத் திறப்பது?

அகழி முதலைக்கு என்று தீர்ப்பானது. இவள் பிள்ளையை என்ன செய்வது என்று ராஜா கேட்டார். எதிரி பெற்றது எதிரிதானே என்றார் மந்திரி.

அதைக் கேட்டதும் சிலம்பாயி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னாள்: "மகாராஜா, இளவரசரைச் சபைக்குக் கொண்டுவரச் சொல்லுங்க. பெரிய மனுஷங்க ஒவ்வொருத்தரா பார்த்து ஒரு வார்த்தை சொல்லட்டும். என்ன சொன்னாலும் தண்டனை இல்லைன்னு நீங்க வாக்குக் கொடுக்கணும். அதுக்கப்புறம் முதலைகிட்ட நானே போறேன்."

வேடிக்கை பார்க்கும் ஆசையில் ராஜா வாக்குக் கொடுத்தார்.

சேனாதிபதி முதலில் வந்தார். யானைப் படைக்கு அஞ்சாதவருக்கு வியர்த்துக் கொட்டியது. ராஜாவைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "மன்னிக்கணும் மகாராஜா. தவளைக் குஞ்சு," என்று சொல்லி, கன்னத்தோரம் விரல்களை மடக்கி நெட்டி முறித்தார். அடுத்து வந்த பொக்கிஷம் காப்பவர், சுட்ட கிழங்கு என்றார். புரோகிதர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். அது இன்னும் மோசமாக இருந்திருக்க வேண்டும். ராஜாவின் மீசை துடித்தது.

கோவர்த்தனருக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். தனக்கு வேண்டாதவர்கள் எல்லோரும் தாங்களாகவே கெட்டுப்போகிறார்களே! தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்து, பூரண சந்திரன், தாமரைக் கண், பவள வாய் என்று அடுக்கி, இத்தனை அழகான பிள்ளை இந்த மண்ணில் பிறந்ததே இல்லை என்று முடித்தார்.

திரைக்குப் பின்னாலிருந்த ராணி ஓடி வந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டு, உப்பும் மிளகாயும் கொண்டுவரச் சொல்லிக் கத்தினாள்.

"கண்ணு பட்டுடும்னு இந்த நாட்டுல யாரும் பச்சப் பிள்ளையை அழகுன்னு சொல்ல மாட்டாங்க, மகாராஜா," என்றாள் சிலம்பாயி. "உங்களுக்குப் பயப்படறவங்ககூட அதுக்கு அதிகமாப் பயந்தாங்க. மந்திரி ஐயாவுக்கு மட்டும் அந்தப் பயமே வரலை. எந்த ஊர்ல பிறந்தாருன்னு கேளுங்க."

ராஜாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மீசை முளைக்கும்வரை அவருடைய தாயார் அவரைக் குரங்கு என்றுதான் கூப்பிட்டாள்.

மந்திரியை இலை மெல்ல விடாமல் பிடித்து உட்காரவைத்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் முதலில் மூக்கு மாறியது, பிறகு மற்றதெல்லாம். அசல் கோவர்த்தனர் எங்கே என்று அதட்டினார் ராஜா.

"எங்க ராஜாவுக்கு மந்திரியா இருக்கார். வேற முகத்துல," என்றான் ஒற்றன். "நீங்கதானே வேவு பார்க்க அனுப்பினீங்க."

ராஜா அதைச் சுத்தமாக மறந்திருந்தார். சின்னக் குரலில் கேட்டார்: "அப்போ, நீ என்னைப் புகழ்ந்ததெல்லாம்?"

"அது உத்தியோகம், மகாராஜா."

முதல் தடவையாக மந்திரி இருக்கையிலிருந்து வந்த பேச்சுக்கு ராஜா சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. தினமும் காலையில் ராஜாவின் குறை ஒன்றை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தண்டனை விதித்தார். அவனும் சந்தோஷமாகக் கட்சி மாறினான். சொல்ல நிறைய இருந்தது. சிலம்பாயிக்குக் கோட்டைக்குள் ஓர் ஓட்டு வீடும் பால்மாடும் கிடைத்தன. அதோடு விட்டாரா? பிள்ளையைப் புகழ்ந்தவனைப் பிடித்த தன் சபையின் சாமர்த்தியத்தை நாடு முழுக்கப் பறையடித்துச் சொல்லவைத்தார். எதிரிக்கும் தெரிந்துவிடுமே என்று சிலம்பாயி கெஞ்சியது அவர் காதில் ஏறவில்லை.

சில நாள் கழித்து, விளக்கு வைக்கப் போகும் நேரம். யாரோ அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

"சிலம்பாயி, நான்தான். அந்தத் தவளை மூஞ்சிக்காரன் என்ன பண்றான்?"

இருளப்பன் குரல். தாழ்ப்பாளுக்குப் போன கை பாதியில் நின்றது. இப்போது இப்படிப் பேச எந்த ஒற்றனுக்குத்தான் தெரியாது? தூளியில் பிள்ளை வீறிட்டான்.

வெளியே குரல் அவசரமாக மாறியது. "ஏய், திறக்காதே. பிணக்காட்டுல நடந்து வந்திருக்கேன், இப்படியே உள்ள வந்தா பிள்ளைக்கு ஆகாது. ஆத்துல முழுகிட்டு வர்றேன். அதுவரைக்கும் யார் தட்டினாலும் திறக்காதே, நானே தட்டினாலும் நல்லா விசாரிச்சுட்டுத் திற. முதல்ல அவனுக்குப் பால் குடு."

காலடிச் சத்தம் படியிறங்கியது. உள்ளே வரத் துடிக்காத எதிரி எந்தச் சண்டையில் இருந்தான்? அவள் கதவைத் திறந்து, தெருவில் பாதி தூரம் போய்விட்டவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். புருஷன் பெயரை அவள் சொன்னது அதுவே முதல் தடவை. கொல்லைக் கிணற்றில் இறைத்து அவளே அவன் தலையில் ஊற்றினாள். பிறகு இரண்டு பேரும் பிள்ளையிடம் உள்ளே போனார்கள். சிலம்பாயி தாழ்ப்பாளைப் போட்டாள்.