கப்பலேற்றப்பட்ட வண்டிக்காரன்

விடை சொல்ல விரும்புகிறவர்கள் அவசரப்படாமல் கடைசிவரை கேளுங்கள்.

வெண்டுறை என்றொரு துறைமுக நகரம். மலைநாட்டுச் சேந்தன் தேனும் மெழுகும் விற்க ஆண்டுதோறும் அங்கே இறங்கி வருவான். மனைவி இறந்த பிறகு மகள் செள்ளையை விட்டுவர ஆளில்லாததால், அந்த முறை அவளையும் அழைத்து வந்திருந்தான்.

அவன் கடைக்குள் விலை பேசிக்கொண்டிருந்தபோது தெருவில் உப்பு வண்டி மாடுகள் மிரண்டன. வண்டிக்காரன் நாகன் கயிற்றை இழுத்துப் பிடித்தும் அவை நிற்கவில்லை. சக்கரம் வாசலில் நின்ற குழந்தை செள்ளைமேல் ஏறிவிட்டது. நாகன் அவளை வாரியெடுத்துக்கொண்டு மருத்துவர் வீட்டுக்கு ஓடினான். சேந்தன் செய்தி கேட்டுப் போய்ச் சேர்வதற்குள் உயிர் பிரிந்திருந்தது. நாகனையும் காவலர்கள் கொண்டுபோயிருந்தார்கள்.

மறுநாள் விசாரணை. மாடுகள் மிரண்டதைப் பலர் பார்த்திருந்தார்கள். நாகன்மேல் குற்றமில்லை என்பது நீதிபதி பூதனாருக்குத் தெளிவாகவே தெரிந்தது. அவருடைய கவலை வேறு. மலைநாட்டார் பழிவாங்காமல் ஓயமாட்டார்கள் என்று நகரமே பேசிக்கொண்டிருந்தது. சேந்தனோ கைகட்டி, வாய் திறவாமல் நின்றான். அவனைச் சத்திரத்துக்கு அனுப்பச் சொன்னார் நீதிபதி. போகிறவனைப் பார்த்து நாகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். காவலர்கள் குறுக்கே நின்று தடுத்துவிட்டார்கள்.

பிறகு நீதிபதி மிளகு வணிகர் அந்துவனை அழைத்தார். அவரும் மலையில் பிறந்து நகரத்தில் குடியேறியவர்.

“உங்கள் மலையில் இதற்கு என்ன முறை?”

“உயிருக்கு உயிர், ஐயா. என் தந்தையும் அப்படித்தான் செய்தார்.”

பூதனார் வெகுநேரம் யோசித்தார். நாகனின் உயிரும் தப்ப வேண்டும், மலைநாட்டார் வழக்கத்தையும் அவமதிக்கக் கூடாது. எனவே, உயிருக்கு ஈடாக ஊரை இழக்கட்டும் என்று, இனி திரும்பவே கூடாது என்ற ஆணையோடு நாகனை அன்றே கப்பலேற்றினார். சத்திரத்துக்குக் காவல் போட்டார்கள். சேந்தனிடமிருந்த தேன்கத்தியையும் வாங்கிக்கொண்டார்கள்.

மாலையில் நாகனின் மனைவி வெண்ணி சத்திரத்துக்கு வந்து சேந்தன் காலில் விழுந்தாள்.

“என் உயிரை எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. என் பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.”

சேந்தன் பதறி எழுந்தான். “என்ன பேச்சு அம்மா இது? உங்கள் வீட்டுக்காரர் எங்கே? அவரைப் பார்க்கத்தான் காத்திருக்கிறேன்.”

“எதற்கு?”

“என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தானே? வழியில் அவள் ஏதாவது பேசினாளா, என்னைத் தேடினாளா... அதை அவர் வாயால் கேட்கவேண்டும். வேறொன்றும் வேண்டாம்.”

வெண்ணி சட்டென எழுந்தாள். அழுகையோடு நீதிபதி வீட்டுக்கு ஓடினாள். அவர் உடனே படகு அனுப்பினார். நல்ல காற்றில் போன கப்பலைப் படகால் எட்ட முடியவில்லை. சேந்தன் மகளை அடக்கம் செய்த மண்ணில் ஒரு பிடி எடுத்து முடிந்துகொண்டு மலையேறினான்.

நீதிபதி ஒரு வழக்கத்தை மதித்தார். அந்துவன் தான் அறிந்த உண்மையைச் சொன்னார். வெண்ணி சாகத் துணிந்து வந்தாள். மூவருமே சேந்தனைக் கொலைக்குத் துணிந்தவன் என்று நினைத்தவர்கள். இவர்களில் அவனுக்குப் பெரிய அநீதி இழைத்தவர் யார்?

விடை: நீதிபதி பூதனார். வெண்ணி பயந்துதான் வந்தாள். ஆனால் அவன் பேசியதை நின்று கேட்டாள். அந்துவன்மேல் எனக்கும் கோபம் உண்டு. என்றாலும் மலையின் முறையைக் கேட்டார்கள், அதைச் சொன்னார். மகளைப் பறிகொடுத்தவன் கண்ணெதிரே நின்றிருக்க, அவனை வெளியே அனுப்பிவிட்டு அவன் மனத்தில் இருப்பதை இன்னொருவரிடம் விசாரித்தவர் நீதிபதி. “உனக்கு என்ன வேண்டும்?” என்று அவனிடமே கேட்டிருந்தால், மகளின் கடைசிப் பேச்சையாவது அவன் கேட்டுவிட்டுப் போயிருப்பான்.